இன்ஜின் உட்கார்ந்துவிடும், மீதிதான் வேலை

பிரிட்டனின் எம்ஜி நிறுவனம் செய்த எம்ஜிபி எனும் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ரோவர் வி8 எனும் எட்டு சிலிண்டர் இன்ஜின் மாட்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் வகை) இருக்கிறது. பழைய 1.8 இன்ஜின் புகை தள்ளுகிறது. அதைக் கழற்றிவிட்டு ரோவர் வி8 போடலாம் என்கிறார்கள். எட்டு சிலிண்டர் என்றால் முன்பக்கம் கனத்துப்போய் ஸ்டியரிங் கெட்டுவிடாதா?
– வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: கனக்காது. உங்கள் 1798 சிசி இன்ஜின் முழுக்க வார்ப்பிரும்பு. ரோவர் வி8 பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். அதன் எடை ஏறக்குறைய 144 கிலோ, அதாவது நாலு சிலிண்டரைவிட 18 கிலோ வரை குறைவு. இது பிறந்தது அமெரிக்காவில். ஜெனரல் மோட்டார்ஸ் 1961 முதல் 1963 வரை ப்யூக் கார்களில் வைத்து ஓட்டிவிட்டு நிறுத்திய இன்ஜினின் உரிமையை 1965-ல் ரோவர் வாங்கியது. கென் காஸ்டெல்லோ என்பவர் 1970-களின் தொடக்கத்தில் இதை எம்ஜிபியில் பொருத்தி விற்றுக்காட்டினார். அதன் பிறகு எம்ஜி தொழிற்சாலையே 1973 முதல் 1976 வரை 2,591 எம்ஜிபி ஜிடி (கூரை மூடிய வகை) வி8 கார்களைத் தயாரித்தது. குதிரைத்திறன் 95-லிருந்து 137 ஆனது. அதைவிட முக்கியம் டார்க் (சுழற்றும் விசை): 2,900 ஆர்பிஎம்மிலேயே 193 பவுண்டு-அடி. முன்பக்கம் கனத்துப்போன கார் என்று பெயர் வாங்கியது எம்ஜிபியின் உடன்பிறப்பான எம்ஜிசி. அதில் இருந்தது மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் இரும்பு இன்ஜின். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கவலை எடையில் இருக்கக் கூடாது, வருஷத்தில் இருக்க வேண்டும். 1974 கடைசியில் வந்த ரப்பர் பம்பர் கார்களின் இன்ஜின் அறையை வி8-க்கு ஏற்றபடியே அடித்திருக்கிறார்கள். உள் மட்கார்டில் பள்ளம் இருக்கும், கிராஸ் மெம்பரும் (முன்பக்கக் குறுக்குச் சட்டம்) ஸ்டியரிங் ஷாஃப்ட்டும் தாழ்ந்திருக்கும். உங்களுடையது அதற்கு முந்தைய குரோம் பம்பர் கார். அந்த இடங்களையெல்லாம் நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். செய்ய முடியாத வேலை இல்லை, ஆனால் கூலி இரட்டிப்பாகும். 1967-க்கு முந்தைய முதல் வரிசை கார் வைத்திருப்பவர்கள் இந்த ஆசையை விட்டுவிடலாம். அதில் கியர்பாக்ஸ் டனலும் (கியர்பாக்ஸ் உட்காரும் தரைப் புடைப்பு) குறுகல்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் லேண்ட் ரோவர் டிஸ்கவரியின் 3.9 லிட்டர் வி8 இன்ஜின் கியர்பாக்ஸோடு மலிவாகக் கிடைக்கிறது. வழக்கமான 3.5 லிட்டரைத் தேடி அலைவதைவிட இதை எடுத்துவிடலாமா?
– வாசகர், லெஸ்டர்

பதில்: இன்ஜினை எடுக்கலாம், சோதித்துவிட்டு. கியர்பாக்ஸை எடுக்காதீர்கள். அதன் பின்பக்கம் நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸில் செருகுவதற்காகச் செய்யப்பட்டது. பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை மாட்ட அதில் இடமே கிடையாது.

3.5-க்கு போர் (சிலிண்டர் குழியின் விட்டம்) 88.9 மி.மீ. அதே பிளாக்கை 94 மி.மீ.க்கு அகலப்படுத்தியதுதான் 3.9. சிலிண்டருக்குள் இருக்கும் இரும்பு லைனருக்கு வெளியே அலுமினியச் சுவர் மெலிந்துவிடுகிறது. ஒருமுறை நன்றாகச் சூடேறிய இன்ஜினில் லைனர் நகரும், அல்லது லைனருக்குப் பின்னால் விரிசல் விட்டுத் தண்ணீர் குறையும். ஹெட் கேஸ்கட் மாற்றியும் தண்ணீர் குறைகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் சங்கதி. ஹெட்டைக் கழற்றிப் பார்க்க விடுவார்கள் என்றால் பிஸ்டன் தலைகளைக் கவனியுங்கள். மற்றவை கரியோடு இருக்க, ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல் பளபளத்தால் அந்த பிளாக் வேண்டாம்.

அடுத்தது வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட். இந்த இன்ஜினில் கேம் தேய்வது சகஜம். இன்டேக் மேனிஃபோல்டையும் அடியிலிருக்கும் தகட்டையும் எடுத்தால் லோப்கள் (கேமின் மேடுகள்) தெரியும். நுனி வட்டமாக மழுங்கியிருந்தால் கேம், அதன்மேல் ஏறி இறங்கும் லிஃப்டர், டைமிங் செயின் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய லிஃப்டரைப் புதுக் கேமில் போட்டால் புதுசும் போய்விடும்.

கேள்வி: கியர்பாக்ஸ் எது, பின் ஆக்ஸில் எது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என் காரில் இருப்பதே போதாதா?
– வாசகர், பர்மிங்ஹாம்

பதில்: இன்ஜினுக்குப் பணம் கொடுக்கும் முன்பே இதை முடிவு செய்யுங்கள். எல்டி77 எனும் ஐந்து கியர் பாக்ஸ்தான் வழக்கமான தேர்வு. ஆனால் ரோவர் எஸ்டி1 காரிலிருந்தோ ஷெர்பா வேனிலிருந்தோ வந்ததாக இருக்க வேண்டும். புதிதாக வாங்கினால் போர்க் வார்னர் டி5, அதற்கேற்ற பெல் ஹவுசிங்கோடு. எதுவானாலும் டனலை முன்பக்கத்தில் தட்டி அகலப்படுத்தி, கியர்பாக்ஸ் தாங்கியை வெட்டி ஒட்ட வேண்டிவரும்.

ஆக்ஸிலைப் பொறுத்தவரை உங்கள் குழாய் வகை ஆக்ஸிலே வி8-ஐத் தாங்கும். இடிப்பது அதன் 3.909 விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை). 185/70 14 டயரில் மணிக்கு 110 கி.மீ. போகும்போது சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 975 முறை சுற்றுகிறது. 3.909-ஓடு நாலாவது கியரில் இன்ஜின் 3,800-ஐத் தாண்டும். தொழிற்சாலை வி8-க்குக் கொடுத்த 3.07 போட்டால் 3,000. ஐந்தாவது கியர் 0.79 என்றால் 2,365-ல் அமைதியாக ஓடும். பழைய விகிதத்தையே வைத்தால் முதல் கியர் போட்ட மறு நொடியே அடுத்த கியருக்குக் கை போகும். அவ்வளவு டார்க்கை வாங்கியதற்கு அர்த்தமே இல்லை.

புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கார் நாலு சக்கரத்திலும் நிற்கும்போது அளந்து செய்யக் கொடுங்கள். ஜாக்கியில் பின்பக்கம் தொங்கும்போது அளந்தால் நீளம் தவறும். நீளத்தைச் சரிக்கட்டும் ஸ்லைடிங் ஸ்ப்லைன் தன் ஓட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். கியர்பாக்ஸின் சாய்வும் ஆக்ஸிலின் முன்முனையான பினியனின் சாய்வும் ஒரு டிகிரிக்குள் இணையாக இருக்கட்டும், ஜாயின்ட் மடங்கும் கோணம் 3 டிகிரியைத் தாண்ட வேண்டாம். 90 கி.மீ.க்கு மேல் காரின் தரையில் வரும் அதிர்வுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆட்கள் டயரை பாலன்ஸ் செய்துகொண்டே இருப்பார்கள்.

கம்பி ஸ்போக் சக்கரங்களைத் தொழிற்சாலையே வி8-க்குக் கொடுக்கவில்லை. முன் பிரேக்கிலும் தடித்த டிஸ்க் வைத்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கேள்வி: குரோம் பம்பர் காரில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஸ்டியரிங் ஷாஃப்டில் இடிக்கிறது. இன்ஜினைக் கொஞ்சம் தூக்கிவைத்தால் போதுமா?
– வாசகர், சிட்னி

பதில்: தூக்கினால் கார்புரேட்டர் பானெட்டில் இடிக்கும். ரோவரின் சொந்த மேனிஃபோல்டில் இரண்டு எஸ்யூ கார்புரேட்டரும் உச்சியில் நிற்பதால்தான் காஸ்டெல்லோ பானெட்டில் புடைப்பு வைத்தார். தொழிற்சாலை கார்புரேட்டர்களைப் பின்னுக்குத் தள்ளித் தாழ்த்தியது. ஆகவே இன்ஜின் தாழ்வாகவும் பின்னாலும்தான் உட்கார வேண்டும். இதில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் இருப்பதால் ஹெட்டின் பின்முனையை ஃபயர்வாலுக்கு 15, 20 மி.மீ. வரை நெருக்கலாம்.

உட்புறம் எதுவும் இல்லாத வெற்று பிளாக்கில் ஹெட், மேனிஃபோல்ட், ஸ்டார்ட்டர், பெல் ஹவுசிங் மட்டும் மாட்டி இறக்கிப் பாருங்கள். மவுண்டுகளைப் பொட்டு வெல்டில் நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பி, ஆயில் ஃபில்டர் கிராஸ் மெம்பரைத் தொடுகிறதா என்றும் பார்த்த பிறகே முழு வெல்ட். ஃபில்டர் இடித்தால் ஹோஸ் வைத்து வேறிடத்துக்கு மாற்றும் அடிப்பாகம் கிடைக்கும்.

நிற்கும் காரில் 5 மி.மீ. இடைவெளி இருக்கிறதே என்று திருப்திப்பட வேண்டாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இந்த இன்ஜினின் இடப்பக்கம் எழும்பி வலப்பக்கம் அமுங்கும். உங்கள் ஊரில் ஸ்டியரிங் ஷாஃப்ட் இருப்பது வலப்பக்கம். ரப்பர் மவுண்ட் அமுங்கி, சூட்டில் மேனிஃபோல்டும் விரிந்த பிறகு அந்த 5 மி.மீ. காணாமல் போய்விடும். வளைவில் வேகமெடுக்கும்போது ஸ்டியரிங் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குறைந்தது 15 மி.மீ. விடுங்கள், நடுவே வெப்பத் தகடு வையுங்கள்.

இதற்குச் சுத்தமான தீர்வு ஒன்று உண்டு. 1993-ல் வந்த எம்ஜி ஆர்வி8 காரில் எக்ஸாஸ்ட் குழாய்கள் உள் மட்கார்டைத் துளைத்து வெளியேறி, முன் சக்கரத்துக்குப் பின்னால் இறங்கும். அதே வகை ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுப்பு) தனியாக விற்கிறது. இருபுறமும் தகட்டை வெட்டி, ஓட்டையின் விளிம்பை மடக்கி வெல்ட் செய்து பலப்படுத்த வேண்டும். ஸ்டியரிங் ஷாஃப்டும் ஸ்டார்ட்டரும் தப்பிக்கும், சூடும் இன்ஜின் அறையில் தங்காது. குரோம் பம்பர் காருக்கு நாங்கள் வேறெதையும் சிபாரிசு செய்வதில்லை.

கேள்வி: வி8 மாட்டியாகிவிட்டது. நெடுஞ்சாலையில் வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கிறது, சிக்னலில் நின்றால் சிவப்புக்குப் போகிறது. பெரிய ரேடியேட்டர் வாங்கவா?
– வாசகர், டொராண்டோ

பதில்: வாங்க வேண்டாம். ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், இக்னிஷன் டைமிங் என்று தேட வேண்டும். நிற்கும்போது மட்டும் சூடேறினால் அது காற்றின் குறை. ரேடியேட்டரின் பக்கங்களிலும் மேலேயும் இருக்கும் இடைவெளிகளை ரப்பர் பட்டையாலும் தகட்டாலும் அடையுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் ஊதும் சூடான காற்றே சுற்றிவந்து மறுபடி முன்னால் நுழையும். தொழிற்சாலை வி8-ல் இரண்டு எலக்ட்ரிக் ஃபேன். அதற்குத் தனித்தனி 30 ஆம்பியர் ரிலே, தடித்த ஒயர், பாடியில் சுரண்டிப் பிடித்த நல்ல எர்த். பழைய ஆல்டர்னேட்டர் ஹெட்லைட்டோடு சேர்த்து இதற்கு ஈடுகொடுக்காது. வோல்டேஜ் இறங்கினால் ஃபேன் சுற்றுவதுபோல் தெரியும், காற்று வராது.

தண்ணீர் நிரப்பும்போது காரின் முன்பக்கத்தைத் தூக்கி, ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து மெதுவாக ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் தட்டில் 3 மி.மீ. துளை போட்டால் அடைபட்ட காற்று தானே வெளியேறும். உங்கள் ஊர்க் குளிருக்காக மட்டுமல்ல, அலுமினியம் அரிக்காமல் இருக்கவும் ஆண்டு முழுவதும் ஆன்டிஃப்ரீஸ் வேண்டும்.

கேள்வி: ஆயில் பிரஷர் 35 பிஎஸ்ஐக்கு மேல் ஏறவே இல்லை. பழைய இன்ஜின் 60 காட்டும். பயமாக இருக்கிறது.
– வாசகர், க்ராய்டன்

பதில்: இன்ஜின் சூடான பிறகு 2,400 ஆர்பிஎம்மில் 30 முதல் 40 பிஎஸ்ஐ என்பதுதான் இதன் இயல்பு. தடித்த ஸ்பிரிங் போட்டு முள்ளை ஏற்றிப் பார்ப்பது வீண். இன்ஜினைப் பிரித்துச் சேர்த்தவர்கள் கவனிக்க: ஆயில் பம்ப் கியர்களுக்கு நடுவே வாஸ்லினை அடைத்து மூட வேண்டும். காய்ந்த பம்ப் அடித்தொட்டியான சம்பிலிருந்து ஆயிலை உறிஞ்சாது. புதுக் கேம் என்றால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் (சும்மா நிற்கும் வேகத்தில்) விடாமல் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் 20 நிமிடம் ஓட்ட வேண்டும்.

கேள்வி: ஆர்பிஎம் காட்டும் டாக்கோ மீட்டர் ஐடிலிலேயே 1,600 காட்டுகிறது?
– வாசகர், மெல்போர்ன்

பதில்: எட்டு சிலிண்டர் ஒரு சுற்றுக்கு நாலு பொறி விடும். நாலு சிலிண்டருக்கான உங்கள் மீட்டர் இரண்டு பொறியையே ஒரு சுற்றாக எண்ணும். மீட்டரை எட்டு சிலிண்டருக்கு மாற்றித் தருபவர்களிடம் கொடுங்கள்.

கேள்வி: இங்கே ரோவர் பாகங்கள் அரிது. 1978 எம்ஜிபியில் ஃபோர்டு 302 எனும் வி8 போடலாமா?
– வாசகர், சான் ஹோஸே, கலிபோர்னியா

பதில்: இடம் பிடிக்கும். முழு இரும்பு 302 சுமார் 210 கிலோ. அலுமினிய ஹெட்டும் மேனிஃபோல்டும் போட்டால் 20 கிலோவுக்கு மேல் இறங்கும். நீளத்தைக் குறைக்க 1996 முதல் வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் குட்டை வாட்டர் பம்பும் முன் மூடியும் தேடுங்கள். இதைவிட நிதானமான வழி 1993 முதல் 1995 வரையிலான செவ்ரலே கமாரோவின் 3.4 லிட்டர் வி6. 160 குதிரைத்திறன், குட்டையான இன்ஜின், டி5 கியர்பாக்ஸும் கூடவே கிடைக்கும்.

உங்கள் சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. கலிபோர்னியாவில் 1975 வரையிலான கார்களுக்குத்தான் புகைச் சோதனை விலக்கு. உங்களுடையது 1978. இன்ஜின் அதே வருஷத்ததாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும், அது வந்த காரின் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகள் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உட்பட எல்லாமே கூட வர வேண்டும், ரெஃப்ரி எனும் சிறப்புப் பரிசோதனை நிலையத்தில் காட்டி ஸ்டிக்கர் வாங்க வேண்டும். கார்புரேட்டர் மாட்டிய பழைய 302 அங்கே தேறாது. கமாரோ வி6-ஐ அதன் கம்ப்யூட்டரோடும் ஒயரிங்கோடும் முழுசாக வாங்குங்கள்.

கேள்வி: 40 வருஷம் தாண்டிய காருக்கு பிரிட்டனில் எம்ஓடி எனும் வருடாந்தரச் சோதனை வேண்டாமே. வி8 போட்ட பிறகும் அப்படித்தானா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: பெரிய மாற்றம் செய்த காருக்கு அந்த விலக்கு கிடையாது. சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் சந்தேகம் வரும் என்று வழிகாட்டுதலே சொல்கிறது. எம்ஜிபி ஜிடிக்குத் தொழிற்சாலையே வி8 கொடுத்ததால் வாதாட இடமுண்டு. ரோட்ஸ்டருக்கு அது பலவீனம். வாதாடுவதைவிட ஆண்டுக்கொரு முறை சோதனைக்குக் கொடுத்துவிடலாம், உங்களுக்கும் நல்லது. புதிய இன்ஜின் எண்ணையும் சிசியையும் வி5சி எனும் பதிவுச் சான்றில் மாற்றுங்கள், இன்ஷூரன்ஸுக்கும் எழுத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: குடும்பத்தில் 1957 எம்ஜிஏ (எம்ஜிபிக்கு முந்தைய மாடல்) ஒன்று ஓடாமல் நிற்கிறது. அம்பாசடர் பெட்ரோல் இன்ஜின் பொருந்தும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்மைதான். பழைய அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும் எம்ஜிஏ 1500-இன் இன்ஜினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) ஒரே பி-சீரிஸ் வம்சம். அம்பாசடருக்கு அடக்கிவைத்து 50 குதிரைத்திறன் அளவில் கொடுத்தார்கள், எம்ஜிஏவுக்கு 68, பிறகு 72. பின்னாளில் வந்த இசுசூ 1.8 இந்த வம்சம் இல்லை, அதை வாங்கிவிடாதீர்கள்.

ஆனால் மாற்றும் முன் யோசியுங்கள். 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 வருஷம் கடந்த கார் ‘விஏ’ எழுத்துள்ள விண்டேஜ் பதிவு பெறலாம், கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ம் ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. உங்கள் பழைய பிளாக்கில் நம்பர் தெளிவாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிளாக் வெடிக்காமல் இருந்தால் லைனர் போட்டு அதையே தேற்றுங்கள். அம்பாசடர் இன்ஜினை உதிரிபாகங்களுக்காக வாங்கிவையுங்கள். எது பொருந்தும் என்று பக்கத்தில் வைத்து அளந்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். பிளாக் தேறாது என்றால் ஆர்டிஓவின் எழுத்து அனுமதி கைக்கு வந்த பிறகு இன்ஜினை இறக்கலாம்.