பி.பி. நம்பர் எழுதி வைத்திருந்தவள்

(வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில் நான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த காலத்தைப் பற்றி நாலு வரி எழுதினேன். கூட வேலை பார்த்த தோழி ஒருத்தியைப் பற்றியும் ஒரு வரி வந்துவிட்டது. இந்த வாரக் கடிதங்களில் பாதி அவளைப் பற்றித்தான். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் ‘தோழி’ என்றே எழுதுகிறேன்.

கே: 2015 வெள்ளத்தில் செல்போன் எல்லாம் செத்துக் கிடந்தபோது உங்கள் தோழி உங்களை எப்படிப் பிடித்தார்? முழுசாக எழுதுங்களேன்.
– ஒரு வாசகி, வேளச்சேரி

ப: அப்போது நாங்கள் கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள். ராத்திரி அடையாறு கரையைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் வாசல் மிதியடி மிதந்து வந்து சோபா காலில் முட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் ஏறுவதற்குள் இரண்டாவது மாடிக்கு ஓடினோம். அந்த வீட்டு ஹாலில் எட்டுப் பேர். கரண்ட் கிடையாது. செல்போனில் சிக்னல் கிடையாது.

மறுநாள் காலை ஏழரை மணி இருக்கும். அந்த வீட்டு லேண்ட்லைன் அடித்தது. மாடிக்காரர் திகைத்துப் போனார். லேண்ட்லைனுக்கு வீட்டுக் கரண்ட் வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து செம்புக் கம்பி வழியாகவே அதற்கு வேண்டியது வந்துவிடும். எக்ஸ்சேஞ்சும் கேபிளும் தப்பித்தால் போன் பேசும். எத்தனையோ தெருக்களில் அதுவும் போய்விட்டது, எங்களுக்குத் தப்பித்திருந்தது. “உங்களுக்குத்தாங்க” என்று ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

“எத்தனை படி மூழ்கியிருக்கு?” இதுதான் அவள் கேட்ட முதல் வார்த்தை.

மாடி வீட்டு நம்பர் அவளுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு அது தொழில் பழக்கம். சொந்தமாகப் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து வைப்பார்களே, பி.பி. நம்பர் என்று, முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அம்மா அப்பாவிடம் கேளுங்கள். நான் வீடு மாறும்போதெல்லாம், எனக்குச் சொந்தப் போன் இருந்தும், “மேல் வீட்டு நம்பரைச் சொல்லுடி” என்று கேட்டு டைரியில் எழுதிக்கொள்வாள். இது எதுக்கு என்று நான் அலுத்துக்கொண்டதும் உண்டு.

4-ஆம் தேதி தண்ணீர் வடிந்ததும் நேரில் வந்தாள். பெரம்பூரிலிருந்து பாதி தூரம் பஸ், பாதி தூரம் நடை. கையில் இரண்டு பை. இரண்டு துடைப்பம், பிளீச்சிங் பவுடர், மெழுகுவத்தி, எனக்கு மாற்று நைட்டி. அப்புறம் என் கணவருக்குப் பதினைந்து நாளைக்குச் சுகர் மாத்திரை. மாத்திரை பெயரை நாங்கள் அவளிடம் சொன்னதே இல்லை. எப்போதோ எங்கள் டீப்பாயில் கிடந்த அட்டையைப் பார்த்துவிட்டு அதையும் டைரியில் எழுதி வைத்திருக்கிறாள். கோட்டூர்புரம் வீடு காய்ந்து முடியும் வரை 19 நாள் அவள் வீட்டில்தான் இருந்தோம்.

கே: நண்பர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் இருந்தால் நட்பு கெட்டுவிடும் என்கிறார்களே?
– வாசகர், அம்பத்தூர்

ப: கெட்டதையும் பார்த்திருக்கிறேன். கெடாததற்கு நானே சாட்சி. 1992-ல் என் கணவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். எனக்கு வாய் விட்டுக் கேட்க மனசில்லை. மதிய டிபன் நேரத்தில் அவள் கையைப் பார்த்தேன், இரண்டு வளையலைக் காணோம். டிபன் டப்பா மூடிக்குள் கைக்குட்டையில் சுற்றி என் பக்கம் தள்ளினாள். “அடகு வை, மீட்கும்போது மீட்டுக்கோ.” மீட்க 14 மாதம் ஆனது. ஒரு நாள்கூட அவள் கேட்கவில்லை. நான் ஒரு நோட்டில் தேதி போட்டு வட்டி, அசல் எல்லாம் எழுதி மாதா மாதம் அவளுக்குக் காட்டினேன். அவள் பார்க்கவே மாட்டாள். ஆனாலும் காட்டினேன்.

வாங்குகிறவர்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. கொடுத்தவர் எழுதச் சொன்னால் சங்கடம், வாங்கியவர் தானாக எழுதினால் மரியாதை. பெரிய தொகை என்றால் புரோநோட்டு எழுதுங்கள். அதுவும் 3 வருடத்துக்குள் வழக்குப் போட்டால்தான் செல்லும், கொடுத்தவருக்கு அதையும் நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

கே: என் தோழியோடு 27 வருடப் பழக்கம். என் கணவருக்கு ஆபரேஷன் நடந்தபோது ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தாள். மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்து நின்றாள். நான் எதைக் கொடுத்தாலும் “எதுக்குடி இதெல்லாம்” என்று திருப்பி அனுப்புகிறாள். நான் என்னதான் செய்வது?
– வாசகி, கொளத்தூர்

ப: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா. முப்பது வருடம் நானும் இதைத்தான் செய்தேன். தீபாவளிக்குத் தீபாவளி ரங்கநாதன் தெருவில் அலைந்து அவளுக்குப் புடவை எடுப்பேன். பொங்கலுக்குள் அதை அவள் தெருமுனைப் பூக்காரம்மா கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குக் கோபம் வரும்.

என் பையனுக்குச் சின்ன வயதில் பிரைமரி காம்ப்ளக்ஸ் (குழந்தைகளுக்கு வரும் காசநோய்) வந்தபோது என் ராத்திரி டூட்டியை எல்லாம் அவளே பார்த்தாள். “எனக்கென்ன, புருஷனா, புள்ளையா, அம்மா ஒருத்திதானே” என்பாள். அந்த அம்மாவும் போய்ப் பல வருடம் ஆகிறது. தனியாகத்தான் இருக்கிறாள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தெரிந்ததோடு சரி.

போன நவம்பரில் பென்ஷன்காரர்கள் எல்லோரும் உயிர்வாழ் சான்று கொடுக்கிற சமயம். பேங்குக்குத் துணைக்குக் கூப்பிடலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். வலது கண்ணில் புரை ஆபரேஷன், முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. ஆட்டோவில் தனியாகப் போய், ஆட்டோவில் தனியாக வந்திருக்கிறாள். “எனக்கு ஏண்டி சொல்லலை?” என்றேன். “உனக்கு எதுக்குத் தொந்தரவு” என்றாள். சொல்லிவிட்டு, நான் எந்த பாங்குக்குப் போக வேண்டும் என்று கேட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். அவள் தப்பு ஒன்றுமே இல்லை. நான் போன் செய்தாலே ஏதோ ஒரு வேலை இருக்கிறது என்று அவளுக்குப் பழகிவிட்டது. பழக்கியது நான்.

இடது கண் ஆபரேஷன் இந்த மாதம். தேதியை அவள் சொல்லவில்லை. அவள் மாடி வீட்டுப் பெண்ணிடம் கேட்டு வாங்கினேன். அந்தப் பெண்ணின் நம்பரை நவம்பரிலேயே எழுதி வைத்துக்கொண்டேன். முந்தின நாள் சாயங்காலம் அடையாற்றில் 29சி பஸ் ஏறிப் பெரம்பூரில் இறங்கினேன், ஒரு வாரத்துக்குத் துணியோடு. வாசலில் நின்று பத்து நிமிஷம் சண்டை போட்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இப்போது இதை அவள் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். குனிந்து கனம் தூக்கக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, அடிபம்பு அடிக்கக் கூடாது. இரண்டு விதமான சொட்டு மருந்து, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே 5 நிமிஷம் விட வேண்டும். தலையைச் சாய்த்து, கீழ் இமையை மெல்ல இழுத்துப் பிடித்து, ஒரே ஒரு சொட்டு. முதல் நாள் என் கை நடுங்கி மருந்து கன்னத்தில் வழிந்தது. ஒன்றும் சொல்லாமல் புடவைத் தலைப்பை எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் தானாகவே நாற்காலியைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டு, உட்கார்ந்து, தலையைச் சாய்த்தாள். எத்தனை வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன்! நெற்றியில் ஒரு தழும்பு இருக்கிறது. எப்படி வந்தது என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதனால் புடவையை விடுங்கள் அம்மா. எந்த வேலையும் இல்லாமல் அவருக்கு ஒரு போன் போடுங்கள், போட்டுக்கொண்டே இருங்கள். அவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு நம்பர் உங்களிடம் இருக்கிறதா, பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். “ஏதாவது வேணுமா” என்று மட்டும் கேட்காதீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார்.

கே: நேரில் பார்க்காமலே, போனில் மட்டும் நட்பு இருக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

ப: உறையூர் அரசன் கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் பார்த்துக்கொள்ளாமலே நண்பர்களாக இருந்தவர்கள். வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விட, அதாவது வடக்கிருக்க, முடிவு செய்தபோது சோழன் அவருக்கும் ஓர் இடம் வைக்கச் சொன்னான், அவரும் வந்து சேர்ந்தார். நான் ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் போர்டில் இருந்தபோது மதுரை போர்டில் ஒரு பெண்ணை ஆறு வருடம் குரலாக மட்டும் தெரியும். லைன் கிடைக்கக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு வாக்கியம் பேசுவோம், அவ்வளவுதான். தொண்டை கட்டியிருந்தால் இரண்டு பேருக்கும் உடனே தெரியும். அவள் கல்யாணத்துக்கு என் தோழியும் நானும் மதுரைக்குப் போனோம். மணமேடையில் எங்களை யாரென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவள், நான் வாயைத் திறந்ததும் மாலையோடு எழுந்துவிட்டாள்.

கே: உங்கள் தோழியிடம் நேருக்கு நேர் நன்றி சொன்னதுண்டா?
– வாசகி, மந்தைவெளி

ப: ஒரே ஒரு தடவை. வெள்ளத்தில் எங்கள் ஆல்பம் நனைந்து போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து, தன் கட்டிலில் பழைய பேப்பர் விரித்து, வரிசையாகப் பரப்பி வைத்தாள். என் கல்யாண போட்டோ, பையனின் முதல் பிறந்தநாள், என் மாமியார். ராத்திரி பதினொரு மணிக்குக் கீழே பாய் விரித்து அவள் படுத்திருந்தாள், கட்டில் முழுக்க நாங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து “ரொம்ப நன்றிடி” என்றேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“ஃபேனை ஒண்ணுல வை. உன் மாமியார் பறக்கறாங்க.”