நாலாம் முறையில் போன ஆறு நிமிடம்

அன்புள்ள அக்கா,

கொழும்பில் ஆங்கில ஸ்கிரபிள் (எழுத்துக் கட்டைகளைப் பலகையில் வைத்துச் சொல் ஆக்கும் ஆட்டம்) போட்டி முடிந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறேன். இரண்டு நாளில் 14 ஆட்டம். முதல் நாள் ஏழில் ஐந்து வென்றேன். இரண்டாம் நாள் ஏழில் ஆறு தோற்றேன். கட்டைகளை எடுக்கும் பை எனக்கு ஒன்றுமே தரவில்லை, வந்த எழுத்தெல்லாம் ஐயும் யூவும்தான். என் கையில் என்னென்ன எழுத்து இருந்தது என்பதை முதல் நாள் ஒவ்வொரு முறையும் எழுதி வைத்தேன், இரண்டாம் நாள் பாதியில் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து தோற்ற ஆட்டம் ஒன்றைக் குவாக்கிள் என்ற மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். நான் ஆடிய 13 முறையில் ஒன்பது பிழை என்றது. அதோடு கணினியை மூடிவிட்டேன். நான் தமிழ் மொழி மூலம் படித்தவன். கொழும்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்கள் எனக்குத் தெரியாது. முடிந்த ஆட்டத்தைக் கிளறுகிற நேரத்தில் சொற்பட்டியலைப் பாடமாக்கினால் பிரயோசனம் கூடவல்லவா? நீங்கள் பழைய ஆட்டத் தாள்களை இன்னும் வைத்திருப்பதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

ச., கொக்குவில்

*

அன்புள்ள தம்பி,

சொற்பட்டியலைப் பாடமாக்குங்கள். அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். தமிழ் மொழி மூலம் படித்த கவலையை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். ஆங்கில ஸ்கிரபிள் உலகப் பட்டத்தை 2003இலும் 2009இலும் வென்றவர்கள் தாய்லாந்துக்காரர்கள், பனுபோல் சுஜ்ஜயகோர்னும் பகோர்ன் நெமித்ரமன்சுக்கும். நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்கிரபிள் உலகப் பட்டத்தை எடுத்தபோது அவருக்குப் பிரெஞ்சு கதைக்கத் தெரியாது. சுமார் ஒன்பது வாரம் பிரெஞ்சுச் சொற்களை மனனம் செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தவர்.

ஆனால் உங்கள் கணக்கையே ஒருமுறை வடிவாகப் பாருங்கள். முதல் நாள் ஐந்து ஆட்டம் வென்றவரும் இரண்டாம் நாள் ஆறு தோற்றவரும் ஒரே ஆள். ஒரு இரவில் உங்களுக்குத் தெரிந்த சொற்கள் குறைந்து போயிருக்க முடியாது. வென்றவர்களை வென்றவர்களோடு மோதவிடும் போட்டியென்றால் இரண்டாம் நாள் எதிராளிகள் கொஞ்சம் கடுமையாக இருந்திருப்பார்கள், அது உண்மைதான். அப்படியென்றாலும் ஏழில் ஆறு என்றால் வேறு ஏதோ நடந்திருக்கிறது. அது என்ன என்று சொற்பட்டியலுக்குத் தெரியாது. உங்கள் தாளுக்குத் தெரியும்.

குவாக்கிள் சொன்ன அந்த ஒன்பது பிழையைப் பற்றி. விளையாடாத வாசகர்களுக்காக ஒரு வரி: குவாக்கிள் என்பது ஸ்கிரபிள் ஆட்டங்களை ஆராயும் இலவச மென்பொருள். உங்கள் கையில் இருந்த எழுத்துகளைக் கொடுத்தால், வைக்கக்கூடிய சொற்களை வரிசைப்படுத்திக் காட்டும். ஒரு சொல்லுக்கு வரும் புள்ளியை மட்டும் அது பார்ப்பதில்லை, கையில் மிஞ்சும் எழுத்துகளின் பெறுமதியையும் பார்க்கிறது. எதிராளிக்குக் கண்டபடி எழுத்துகளைக் கொடுத்து, அடுத்த ஓரிரு முறைகளை ஆயிரக்கணக்கான தடவை ஆடிப் பார்த்து, சராசரியாக எது நல்லது என்று சொல்கிறது. அரைப் புள்ளி வித்தியாசமென்றாலும் உங்கள் சொல்லைக் கீழே போட்டு வேறொன்றை மேலே வைக்கும். உங்கள் ஒன்பதில் ஐந்தாறு அந்த வகையாகத்தான் இருக்கும். அவற்றை விட்டுவிடலாம். பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் காட்டுகிற இரண்டு மூன்று இடங்களே உங்களுக்கு வேண்டியவை.

இன்னொன்று, எதிரே இருந்தவரின் முகத்தைக் குவாக்கிள் பார்க்கவில்லை. அவர் அப்போதுதான் ஒரே ஒரு எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார் என்றால், மற்ற ஆறும் நல்ல எழுத்துகள் என்று உங்களுக்கு விளங்கும். அதற்காகப் பலகையை அடைத்து ஆடியிருந்தால், குவாக்கிள் அதைப் பிழை என்று சொல்லக்கூடும். சரி செய்தது நீங்கள்தான்.

எனக்கு இந்தப் பழக்கம் வந்தது பெரியப்பாவிடம் இருந்து. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் ஆடுவோம். எங்கள் செட்டில் நாலைந்து கட்டை தொலைந்து, மட்டையில் வெட்டி எழுதியவைதான் பைக்குள் கிடந்தன. தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால் எல்லா எழுத்துகளையும் பையில் இருந்து அம்மாதான் எடுத்துத் தருவார். பெரியப்பா ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். பழைய சோதனைத் தாள்களின் வெறும் பக்கத்தில் தன் ஏழு எழுத்தையும் ஒவ்வொரு முறையும் எழுதுவார். என்னையும் எழுதச் சொல்வார். அந்த நேரத்தில் கொப்பி ஒன்று கிடைப்பதே பெரும்பாடு, இவர் ஏன் இப்படிக் கடதாசியைச் செலவழிக்கிறார் என்று எனக்கு விளங்காது.

காலையில் விளங்கும். வெளிச்சம் வந்ததும் முற்றத்துக் கதிரையில் அந்தத் தாளோடு உட்காருவார். சேம்பர்ஸ் அகராதி பக்கத்தில் கிடக்கும், ஆனால் உடனே திறக்க விடமாட்டார். "இதில உனக்கு ராத்திரி என்ன தெரிஞ்சது?" என்று கேட்பார். ஒருநாள் என் கையில் சி, எச், ஈ, ஆர், ஓ, ஓ, டி இருந்திருக்கிறது. நான் டோர்ச் என்று வைத்து, நல்ல சொல் என்று சந்தோஷமாகப் படுத்துவிட்டேன். ஈயும் ஓவும் மிஞ்சின. காலையில் பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் தன் சட்டைப் பையில் இருந்த சுருட்டை எடுத்து மேசையில் வைத்தார். செரூட். ஏழு எழுத்து. ஏழையும் ஒரே முறையில் வைத்தால் மேலதிகமாக 50 புள்ளி. தமிழில் இருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல், அதுவும் யாழ்ப்பாணத்துச் சுருட்டு ஒரு காலத்தில் தெற்கெல்லாம் போய் விற்ற சரக்கு. எனக்குத் தெரியாத சொல் அல்ல. கண்ணுக்கு முன்னால் இருந்ததைக் காணவில்லை.

தெரியாத சொல்லுக்கு மருந்து பட்டியல். தெரிந்தும் காணாமல் விட்ட சொல்லுக்குப் பட்டியல் மருந்தல்ல. அதற்குக் கட்டைகளை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். உங்கள் தாள்களில் எது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை இரண்டாம் வகையென்றால், பாடமாக்கும் நேரத்தில் பாதியை எழுத்து மாற்றிப் பழகுவதற்குக் கொடுங்கள்.

இப்போது என் ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டியில் 14 புள்ளியால் தோற்றது. கடைசிக் கட்டம். பை காலி. என்னிடம் மூன்று எழுத்து. 100 கட்டையில் வந்தவற்றைக் கழித்துப் பார்த்தால், எதிராளி கையில் மிஞ்சியிருப்பது கியூ ஒன்றுதான். நான் எட்டுப் புள்ளி பின்னால் நிற்கிறேன். பலகையில் கியூ போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: ஓர் ஐக்கு முன்னால், சொல்லின் புள்ளியை இரட்டிப்பாக்கும் கட்டம். கியூ–ஐ என்பது அனைத்துலகப் போட்டிகளில் செல்லுபடியான இரண்டெழுத்துச் சொல், அங்கே வைத்தால் 22 புள்ளி. நான் அதைப் பார்க்காமல், வேறு மூலையில் இரண்டு எழுத்தை வைத்து 18 எடுத்தேன். அவர் கியூவை வைத்து முடித்தார். என் கையில் மிஞ்சிய ஓர் எழுத்தின் பெறுமதியில் இரட்டிப்பு, 2 புள்ளி, அதுவும் அவருக்கு. கணக்கு முடிந்தது.

அந்த ஐக்கு முன்னால் நான் வெறும் எட்டுப் புள்ளிக்கு ஒரு சொல் வைத்திருந்தால் சமநிலை வந்திருக்கும். அவருக்குக் கியூவை வைக்க இடமில்லை, பாஸ் பண்ண வேண்டியதுதான். என் கடைசி எழுத்துக்கு நாலு புள்ளி இருந்தது, வைத்து முடித்திருப்பேன். அவர் கையில் கிடக்கும் கியூவின் பத்துப் புள்ளி இரட்டிப்பாகி 20 எனக்கு. 14ஆல் தோற்ற ஆட்டத்தை 24ஆல் வென்றிருக்கலாம்.

குவாக்கிள் இதைக் கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். கடைசிக்கு முந்தின முறையில் பிழை என்று காட்டும். ஆனால் நான் ஏன் அதைக் காணவில்லை? வந்த எழுத்துகளை வெட்டிக்கொண்டு வரும் தாளில் கியூ வெட்டப்படாமல் கிடந்தது. அவர் கையில் கியூ இருப்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் என் மணிக்கூட்டில் எவ்வளவு நேரம் மிச்சம் என்று ஓரத்தில் எழுதுவது என் வழக்கம். அந்த ஓரத்தைப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கடைசிக்கு முந்தின முறை வரும்போது எனக்கு 40 செக்கன் மட்டுமே இருந்தது. ஆளுக்கு 25 நிமிடம். நேரம் தாண்டினால் நிமிடத்துக்கு 10 புள்ளி போகும். அந்தப் பயத்தில் கையில் கிடைத்த 18ஐ எடுத்துவிட்டேன். மேலே போய்ப் பார்த்தேன். நாலாவது முறையில் ஆறு நிமிடத்துக்கு மேல் போயிருக்கிறது. ஏழு எழுத்துச் சொல் ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்துத் தேடியிருக்கிறேன். வீட்டில் வந்து பார்த்தால் அந்த எழுத்துகளில் அப்படி ஒரு சொல்லே இல்லை. கடைசியில் ஒரு சின்னச் சொல்லைத்தான் வைத்திருக்கிறேன், அதுவும் சரியான சொல்தான். அந்த முறையில் குவாக்கிள் என்னைப் பாராட்டுகிறது! ஆட்டம் கைவிட்டுப் போன இடமே அதுதான்.

இதற்காகத்தான் கணினியை முதலில் திறக்காதீர்கள் என்கிறேன். முதலில் தாளை எடுத்து, ஒவ்வொரு முறைக்கும் பக்கத்தில் அப்போது என்ன நினைத்தீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு நாளுக்குள் செய்தால் நிறைய ஞாபகம் வரும், ஒரு கிழமை போனால் ஒன்றும் வராது. பிறகு குவாக்கிள் சொல்வதைப் பாருங்கள். அதன் விடையை முதலில் பார்த்துவிட்டால், நீங்களும் அதைத்தான் நினைத்தது போல மனம் கதை கட்டிவிடும். நான் பல தடவை அப்படிக் கட்டியிருக்கிறேன்.

வென்ற ஆறு ஆட்டத்தையும் விடாதீர்கள். தோற்றதைத்தான் எல்லாரும் கிளறுவார்கள். நான் ஒரு சொல்லை வருடக்கணக்காக வைத்து வந்தேன், அப்படி ஒரு சொல் உண்டா என்று ஒருவரும் சலஞ்ச் பண்ணவில்லை. வென்ற ஆட்டம் ஒன்றைப் போட்டுப் பார்த்தபோதுதான் அப்படி ஒரு சொல் பட்டியலிலேயே இல்லை என்று தெரிந்தது. வெற்றி அதை மறைத்து வைத்திருந்தது.

பை ஒன்றும் தரவில்லை என்கிறீர்கள். இருக்கலாம். அதையும் எண்ணிப் பார்த்துவிட வேண்டியதுதான். ஓர் ஆட்டத்தில் எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்றுக் கட்டை இரண்டு, எஸ் நாலு. எல்லாரும் விரும்புகிற கட்டைகள் இவைதான். 14 ஆட்டத்திலும் அவற்றில் எத்தனை உங்களுக்கு வந்தன என்று இரண்டு நாளையும் தனித்தனியே எண்ணுங்கள். இரண்டாம் நாள் உண்மையிலேயே குறைவாக வந்திருந்தால், அந்தத் தோல்விகளில் சிலவற்றுக்கு உங்களை நொந்துகொள்ளத் தேவையில்லை. அதைத் தெரிந்துகொள்வதும் ஒரு நிம்மதி. ஐயும் யூவும் மட்டும் என்றால், ஐ ஒன்பதும் யூ நாலும் ஒரு செட்டில் உண்டு. அவை ஒருவர் கையில் சேர்வது பையால் மட்டும் நடப்பதல்ல. முந்தின முறையில் நீங்கள் எதை வைத்தீர்கள், எதை மிச்சம் விட்டீர்கள் என்பதும் சேர்ந்தது. அந்த இடங்களை வடிவாகப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது ஒரு வரியை. "இரண்டாம் நாள் பாதியில் விட்டுவிட்டேன்." முதல் நாள் முழுக்க எழுதியவர் ஏன் நிறுத்தினீர்கள்? களைப்பா, நேரம் போதவில்லையா, அல்லது தோற்கத் தொடங்கியதும் எழுத மனம் வரவில்லையா? எழுதுவதை விட்ட முறை எது என்று தாளில் தெரியும். எந்த ஆட்டம், எத்தனையாவது முறை, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? அதை மட்டும் எழுதி அனுப்புங்கள். குவாக்கிள் முடிவுகள் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா