கீறலிலிருந்து தொடங்கச் சொன்னால்…

கேள்வி: ராப்பகலாக உட்கார்ந்து தயாரித்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, 'ஸ்டார்ட் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' என்று சொல்லிவிட்டார் எங்கள் மேனேஜர். ஸ்க்ராட்ச் என்றால் கீறல்தானே? கீறலிலிருந்து எப்படித் தொடங்குவது? என்னைத் திட்டினாரா?
- ஒரு வாசகி

பதில்: திட்டு இல்லை சகோதரி. இதுவரை செய்ததை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து புதிதாகச் செய்யுங்கள் என்கிறார்.

கீறல் என்று நீங்கள் நினைத்ததும் சரிதான். அது தரையில் கிழித்த கோடு. அந்தக் கால இங்கிலாந்தில் பல விளையாட்டுகளுக்கு இப்படித்தான் கோடு போட்டார்கள். கையுறை இல்லாத குத்துச்சண்டைக்கு 1838-ல் வந்த விதிகளின்படி, கீழே விழுந்தவருக்கு 30 விநாடி ஓய்வு. அப்புறம் 8 விநாடிக்குள், யாரும் தாங்கிப் பிடிக்காமல், நடுக்கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் தோல்வி.

உங்கள் மேனேஜர் சொன்ன தொடர் ஓட்டப் பந்தயத்தோடு சேர்ந்தது. ஹேண்டிகேப் பந்தயத்தில் வேகம் குறைந்தவர்களைச் சில கஜம் முன்னால் நிறுத்துவார்கள். எந்தச் சலுகையும் இல்லாமல் கோட்டிலிருந்தே கிளம்புபவர்தான் 'ஃப்ரம் ஸ்க்ராட்ச்' ஓடுபவர். கவனியுங்கள், பெரும்பாலும் அவர்தான் அந்தக் கூட்டத்திலேயே வேகமானவர்! ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் ஸ்டாவெல் ஊரில், 1878 முதல் ஈஸ்டர் சமயத்தில் இப்படி ஒரு பந்தயம் நடக்கிறது. இப்போது 120 மீட்டர், புல்தரையில். 1975-ல் மடகாஸ்கர் வீரர் ழான் லூயி ரவெலோமனன்ட்சோவா எல்லோருக்கும் பின்னால் கோட்டில் நின்று கிளம்பி, அத்தனை பேரையும் முந்தி வென்றார். கோட்டிலிருந்து ஓடி அங்கே ஜெயித்த முதல் ஆள் அவர்தான். கோல்ஃபிலும் ஸ்க்ராட்ச் ஆட்டக்காரர் என்றால் ஹேண்டிகேப், அதாவது அவருக்குத் தரும் சலுகை, பூஜ்யம் என்று பொருள். மரியாதையான பெயர் அது.

சலுகை இல்லாமல் என்ற பொருள், போகப்போக 'கையில் ஒன்றும் இல்லாமல்' என்று விரிந்துவிட்டது. கடையில் விற்கும் ரெடிமேட் மாவு வாங்காமல் வீட்டிலேயே எல்லாம் கலந்து கேக் செய்தாலும் இதே வார்த்தைதான்.

அதனால் மனம் தளராதீர்கள். ஆனால் வேலையைத் தொடங்கும் முன் மேனேஜரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: திரட்டிய தகவல்களையும் விட்டுவிட வேண்டுமா, எழுதிய விதத்தை மட்டும் மாற்றினால் போதுமா? இந்தத் தொடரைச் சிலர் கொஞ்சம் தாராளமாகவே சொல்லிவிடுவார்கள். தகவல்கள் இருக்கட்டும் என்றால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். அதுவரை பழைய ஃபைலை அழித்துவிடாதீர்கள்.