எது அலைகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் வணிகவியல் படித்தவன். இயற்பியலைப் பள்ளியோடு விட்டாயிற்று. நாற்பத்தைந்து வயதில் திடீரென்று ஆசை வந்து, நவீன இயற்பியலுக்கான அறிமுகப் புத்தகம் ஒன்றை நான்கு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் அத்தியாயம் அலைகள், கடைசி அத்தியாயம் பிரபஞ்சம். தொடக்கம் நன்றாகவே புரிந்தது. நீரலையில் நீர் அசைகிறது, ஒலியலையில் காற்று அசைகிறது. அப்புறம் ஒளியும் அலை என்றார்கள், ஆனால் அசைவதற்கு ஒரு பொருளும் வேண்டியதில்லை என்றார்கள். அடுத்து எலக்ட்ரானும் அலை. கடைசியில் ஈர்ப்பு அலை. ஒவ்வோர் இடத்திலும் 'எது அலைகிறது?' என்ற கேள்வியில் மாட்டிக்கொள்கிறேன். பொறியியல் படித்த நண்பரிடம் கேட்டால், "அதெல்லாம் கணக்குப்பா, அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்கிறார்.

இன்னொன்று. தொலைதூர கேலக்ஸிகளின் ஒளி வரும் வழியிலேயே நீண்டு சிவந்துவிடுகிறதாம். அலைநீளம் கூடினால் ஆற்றல் குறையும் என்று அதே புத்தகம்தான் சொல்கிறது. குறைந்த ஆற்றல் எங்கே போயிற்று? கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். வரவும் செலவும் ஒத்துப்போகாவிட்டால் தூக்கம் வராது.

எஸ்.

அன்புள்ள எஸ்,

நண்பர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 'எது அலைகிறது?' என்று கேட்கக் கூடாது என்றால் 19ஆம் நூற்றாண்டின் இயற்பியலில் பாதியை நடத்தியிருக்கவே முடியாது. அன்றைய பெரிய மூளைகள் எல்லாம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தன. அவர்களுக்குக் கிடைத்த பதில்கள் ஒவ்வொரு தடவையும் வேறாக இருந்தன, அவ்வளவுதான்.

குளத்தில் மிதக்கும் ஒரு சருகைப் பாருங்கள். அலை வரும்போது ஏறும், போனதும் இறங்கும், ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். அலை கரைக்கு வந்துவிட்டது, நீர் வரவில்லை. அப்படியானால் வந்தது என்ன? ஒரு குலுக்கல், கொஞ்சம் ஆற்றலோடு. இதுவரை உங்களுக்குத் தெரியும். ஆனால் அறிமுகப் புத்தகங்கள் இதில் நிறைய பக்கம் செலவழித்துவிட்டு, அலையின் உண்மையான அடையாளத்தை அவசரமாகக் கடந்துவிடுகின்றன. ஒரு கல்லோடு இன்னொரு கல்லை வைத்தால் இரண்டு கல். ஒரு அலையோடு இன்னொரு அலையைச் சேர்த்தால் இரட்டிப்பாகலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே நீர் சும்மா கிடக்கும். இரைச்சலை அடக்கும் ஹெட்போன் இதைத்தான் செய்கிறது: வெளிச்சத்தத்துக்கு எதிரான ஒரு சத்தத்தை எழுப்பி இரண்டையும் கழித்துவிடுகிறது. கூட்டினால் கழியவும் கூடியது எதுவோ அது அலை. இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டால் மீதி வழி நெடுக உதவும்.

இப்போது ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஏறக்குறைய ஒட்டினாற்போல் வைத்து, அந்த மெல்லிய இடுக்கைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, வெளிச்சமான வானத்தைப் பாருங்கள். இடுக்குக்குள் தலைமயிர் போலக் கருப்புக் கோடுகள் தெரியும். இடைவெளியைக் கூட்டிக் குறைத்தால் கோடுகள் நெருங்கும், விலகும். அங்கே தூசி இல்லை, மயிரும் இல்லை. ஒளியோடு ஒளி சேர்ந்து இருட்டாகியிருக்கிறது. 1800களின் தொடக்கத்தில் தாமஸ் யங் இந்த மாதிரி வரிகளை வைத்துத்தான் ஒளி அலையே என்று வாதாடினார்.

சரி, அலை என்றால் எதில்? அன்றைக்கு எல்லோரும் சொன்ன பதில் ஈதர். அண்டம் முழுக்க நிரம்பிய, கண்ணில் படாத ஒரு பொருள். அதன் குணங்களைப் பட்டியல் போட்டால் சிரிப்பு வரும். ஒளியை விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் கடத்த, அது எஃகைவிடப் பல மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். அதே சமயம் கோள்கள் அதற்குள் ஒரு தடங்கலும் இல்லாமல் நீந்திப் போக வேண்டும். பூமி சூரியனை விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, ஆகவே ஈதர் நம்மீது காற்றுபோல வீச வேண்டும் அல்லவா? 1887இல் மைக்கெல்சனும் மோர்லியும் ஒளியலைகளைக் கூட்டிக் கழித்து அந்தக் காற்றை அளக்கப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது அகப்படவே இல்லை. 1905இல் ஐன்ஸ்டைன் ஈதர் தேவையே இல்லை என்று கைகழுவினார்.

அப்படியானால் அலைவது எது? மின்புலமும் காந்தப்புலமும். நீங்கள் 'இது ஏமாற்று வேலை' என்று நினைப்பது இந்த இடத்தில்தான் என்று ஊகிக்கிறேன். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் இருந்தது. புலம் என்பதை ஒரு பொருளாகக் கற்பனை செய்யாதீர்கள். வானிலை வரைபடத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வெப்பநிலை இருப்பதுபோல, வெளியின் ஒவ்வொரு புள்ளிக்கும் 'இங்கே ஒரு மின்னூட்டத்தை வைத்தால் எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளப்படும்' என்றொரு அளவு உண்டு. அந்த அளவு ஏறி இறங்குகிறது, அந்த ஏற்ற இறக்கம் நகர்கிறது. வெப்பநிலைக்குக் காற்று வேண்டும், இதற்கு அதுவும் வேண்டாம். 1860களில் மேக்ஸ்வெல் அந்த நகர்வின் வேகத்தை வெறும் மின், காந்த அளவீடுகளிலிருந்து கணக்கிட்டபோது ஒளியின் வேகம் வந்து நின்றது.

எலக்ட்ரானுக்கு வருவோம். இயற்பியலில் எனக்கு மிகப் பிடித்த குடும்பக் கதை இது. அப்பா ஜே. ஜே. தாம்சன் 1897இல் எலக்ட்ரானைத் துகளாகக் காட்டினார். மகன் ஜி. பி. தாம்சன் 1927இல் மெல்லிய உலோகத் தகட்டினூடே எலக்ட்ரான்களைச் செலுத்தி, அவை அலைபோல வளையங்கள் வரைவதைக் காட்டினார். இருவருக்கும் நோபல் பரிசு. இருவர் சொன்னதும் சரி.

எப்படி இரண்டும் சரியாகும்? ஜப்பானில் தோனோமுராவும் உடன் வேலை செய்தவர்களும் 1989இல் வெளியிட்ட சோதனையைத் தேடிப் பாருங்கள். எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக, முந்தையது போய்ச் சேர்ந்த பிறகே அடுத்தது என்று அனுப்புகிறார்கள். திரையில் ஒரு புள்ளி. எங்கேயோ இன்னொரு புள்ளி. பத்துப் பதினைந்து விழும்வரை கொட்டிய கடுகு மாதிரி இருக்கும். ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு, வெளிச்சமும் இருட்டுமாக வரி வரியாகத் தெரியும். உங்கள் விரலிடுக்கில் பார்த்த அதே ஜாதி வரிகள். ஒவ்வொரு எலக்ட்ரானும் தனியாக வந்தது, முழுசாக ஒரே இடத்தில் விழுந்தது. எங்கே விழலாம் என்ற வாய்ப்பு மட்டும் கூடியும் கழிந்தும் அலைபோல நடந்துகொண்டது. அந்த அலையின் உயரத்தை வர்க்கப்படுத்தினால் நிகழ்தகவு கிடைக்கும் என்று 1926இல் மாக்ஸ் போர்ன் சொன்னார்.

'எலக்ட்ரான் சில நேரம் அலை, சில நேரம் துகள்' என்ற வாக்கியம் எனக்குப் பிடிப்பதில்லை. வேஷம் மாற்றும் நடிகர் மாதிரி ஆக்கிவிடுகிறது. இன்னொரு சங்கதியும் அதில் மறைந்துபோகிறது: இரண்டு எலக்ட்ரான்களுக்குச் சேர்த்து ஒரே அலைதான், ஒவ்வொன்றுக்கும் மூன்று என்று அதை எழுத ஆறு திசைகள் வேண்டும், மூன்று எலக்ட்ரான்களுக்கு ஒன்பது. ஆக அது உங்கள் அறைக்குள் நெளிந்துகொண்டிருக்கும் ஒன்றாக இருக்க முடியாது. உண்மையில் அது என்ன என்பதில் இன்றும் இயற்பியலாளர்களிடம் ஒரே கருத்து இல்லை. இந்தச் சந்தில் புகுந்து 'எல்லாம் அதிர்வே, நினைத்தால் நடக்கும்' என்று கடை விரிப்பவர்கள் நிறைய. இந்த அலைக்கான கணக்கு, அதாவது குவாண்டம் கணக்கு, வாய்ப்புகளைப் பல தசமப் புள்ளிகள்வரை துல்லியமாகச் சொல்கிறது. உங்கள் விருப்பத்துக்கு அதில் ஓர் இடமும் கிடையாது.

இனி பிரபஞ்சம். வீட்டில் பழைய சிடி இருந்தால் எடுத்து, எல்இடி அல்லாத பழைய வகை டியூப்லைட்டுக்கு எதிரே சாய்த்துப் பிடியுங்கள். 1 மில்லிமீட்டருக்குள் 600க்கும் மேற்பட்ட தடங்கள் இருப்பதால், ஒளி அலைகள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கோணத்தில் கூடுகின்றன. பச்சை தனியாக, ஊதா தனியாகப் பட்டைகள் எடுப்பாகத் தெரியும். இழை பல்பில் அப்படி இல்லை, நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருக்கும். குழாய்க்குள் இருக்கும் பாதரசமும் பூச்சும் தமக்கென்று சில அலைநீளங்களையே உமிழ்வதால் வரும் வித்தியாசம் இது. ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படிக் கைரேகை உண்டு. 1868இல் சூரிய ஒளியில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மஞ்சள் வரி அகப்பட்டது, ஹீலியம் என்று பெயரிட்டார்கள். பூமியில் அது கையில் சிக்க 1895 ஆயிற்று.

இதே கைரேகைகள் தொலைதூர கேலக்ஸிகளின் ஒளியில் மொத்தமாகச் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. 1912 முதல் ஸ்லைஃபர் ஒவ்வொன்றாக அளந்தார். லெமேத்ர் 1927இலும் ஹப்பிள் 1929இலும் அந்த நகர்வைத் தொலைவோடு பொருத்தினார்கள்: எவ்வளவு தூரமோ அவ்வளவு நகர்வு. ஒளி பயணப்பட்ட காலத்தில் அண்டவெளியே விரிந்திருக்கிறது, அலையும் கூடவே நீண்டிருக்கிறது. 1964இல் பென்சியாஸும் வில்சனும் தங்கள் ஆன்டெனாவில் ஓயாத ஓர் இரைச்சலைக் கேட்டு, உள்ளே குடியிருந்த புறாக்களை விரட்டி எச்சத்தைக்கூடக் கழுவிப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அண்டம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகளில், ஏறக்குறைய 3000 டிகிரிச் சூட்டில் கிளம்பிய ஒளி அது. 1100 மடங்கு நீண்டு நுண்ணலையாகி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த ஒளி இழந்த ஆற்றல் எங்கே என்பதுதான் உங்கள் பேரேட்டின் கேள்வி. அது எங்கும் போய்ச் சேரவில்லை. மழுப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆற்றல் அழியாது என்ற விதி தானாக நிற்பதில்லை என்று 1918இல் எம்மி நோதர் நிறுவினார். இயற்கையின் ஏற்பாடு நேற்றும் இன்றும் நாளையும் ஒரே மாதிரி இருந்தால்தான் அந்த விதி கிடைக்கும். விரியும் அண்டத்தில் நேற்றைய வெளி இன்றைய வெளியாக இல்லை. ஓர் அறைக்குள், ஓர் ஆய்வகத்துக்குள் கணக்கு மிகச் சரியாக ஒத்துப்போகும். முழு அண்டத்துக்கும் அப்படியொரு மொத்த இருப்பு எழுதப் பொதுவான முறையே இல்லை. தூக்கம் இன்னும் கெட்டால் மன்னிக்கவும்.

ஈர்ப்பு அலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே அலைவது தூரமே. 2015 செப்டம்பர் 14 அன்று, ஏறக்குறைய 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதி இணைந்த அதிர்வு, ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கவென்றே கட்டிய லைகோ கருவிகளைக் கடந்தது. 4 கிலோமீட்டர் நீளக் குழாயின் நீளம் ஒரு புரோட்டானின் அகலத்தில் சில நூறில் ஒரு பங்கு மட்டும் கூடிக் குறைந்தது. அதைக் கண்டுபிடித்ததும் ஒளியலைகளைக் கூட்டிக் கழித்துத்தான், மைக்கெல்சனின் பழைய உத்தியில்.

கணக்கு வேண்டுமா என்றால், கொஞ்சம் வேண்டும். சைன் வளைவு இரண்டை வரைபடத்தாளில் வரைந்து கட்டத்துக்குக் கட்டம் கூட்டிப் பாருங்கள். உங்கள் தொழில் கூட்டல்தானே, இரண்டே மாலையில் கைவந்துவிடும். அதற்குப் பிறகு எலக்ட்ரான் அத்தியாயத்தை மறுபடி படியுங்கள்.

சிடியையும் விரலிடுக்கையும் மட்டும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். சிடியில் பட்டுத் திரும்பும் வெயிலும் கண்ணைக் கெடுக்கும்.