'குடும்பக் காரணங்களால்' விலகியவருக்கு

கேள்வி: நான் பினாங்கில் கணக்காய்வாளர். வயது 47. அடுத்த சட்டமன்றத் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கட்சிக்காரர்கள் இரண்டு முறை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மக்களுக்கு ஏதாவது செய்ய எனக்கும் ஆசைதான். ஆனால் அரசியல் ஒரு சாக்கடை. முகநூலில் குடும்பத்தையே இழுத்து நாறடிப்பார்கள். மனைவி சம்மதிக்க மாட்டார். மகள் எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) எழுதப் போகிறாள். நான் கௌரவமாக வாழ்ந்து பழகியவன். மூன்று வருடத்துக்கு முன் கோயில் பொருளாளராக இருந்தபோது, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு நன்கொடை திரட்டக் கொடுத்த 12 ரசீதுப் புத்தகங்களில் 9தான் திரும்பி வந்தன. அப்போதுகூடச் சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல், 'குடும்பக் காரணங்களால்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டேன். இன்னும் உறுப்பினராகத்தான் இருக்கிறேன். நல்லவர்கள் அரசியலுக்கு வராததற்கு இந்தச் சூழல்தானே காரணம்? நான் ஒதுங்குவது தவறா?
– பெயர் வேண்டாம், ஆயர் ஈத்தாம்

பதில்: தம்பி, நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முக்கால்வாசி அரசியல்வாதிகளைத் திட்டியிருக்கிறீர்கள், அது இருக்கட்டும். போகிற போக்கில் ரசீதுப் புத்தகத்தைப் பற்றி இரண்டு வரி எழுதினீர்களே, அதைத் தாண்டி எனக்குப் படிக்க ஓடவில்லை.

ஊரார் கம்பெனிக் கணக்கில் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) உதைத்தாலும் விளக்கம் கேட்பது உங்கள் தொழில். அந்த மூன்று புத்தகங்களில் என்ன இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தீர்களா? தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் நானும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கியவள். அடுக்குமாடியில் நான்காவது மாடி. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அம்மா, சாமி மேடையில் விளக்குக்கு அடியில் மடித்து வைத்திருந்த பத்து வெள்ளியை எடுத்துக் கொடுத்தார். "என் பேரு வேணாம், மகன் பேரைப் போடு. அவனுக்கு வேலை கிடைக்கணும்" என்றார். எழுதிக் கிழித்துக் கொடுத்த ரசீதை அதே விளக்குக்கு அடியில் வைத்தார். அவரைப் போன்றவர்களின் பணம்தான் அது.

நீங்கள் என்ன செய்தீர்கள்? 'குடும்பக் காரணங்களால்' என்று கையெழுத்துப் போட்டீர்கள். எந்தக் குடும்பம்? மனைவி விலகச் சொன்னாரா? பிள்ளைகள் அழுதார்களா? அப்படி ஒரு வார்த்தையும் உங்கள் கடிதத்தில் இல்லை. புத்தகத்தைத் தொலைத்தவர்களின் மானத்தைக் காப்பாற்ற உங்கள் வீட்டாரின் பெயரை எடுத்துப் போர்த்திவிட்டு வந்திருக்கிறீர்கள். அதைக் கௌரவம் என்று வேறு சொல்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

இப்போதும் அதே வேலை. 'மனைவி சம்மதிக்க மாட்டார்' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 'மனைவியிடம் கேட்டேன்' என்று ஓர் இடத்திலும் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளுக்காக ஒதுங்கிக்கொள்கிறேன் என்று எனக்கு எழுதும் ஆண்களில் எத்தனையோ பேர் வீட்டில் அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டார்கள். கூட வாழ்கிறவளைக் கேட்காமலேயே அவள் வாயில் 'வேண்டாம்' என்ற சொல்லை வைப்பது பெரிய அவமரியாதை. உங்களுக்கு அது உறைக்கவே இல்லை.

சாக்கடை என்பதெல்லாம் சாக்கு. உங்கள் பயம் எனக்குத் தெரியும். ஒரே வட்டாரம், ஒரே கோயில். கணக்குக் கேட்டால் நாளைக்கு அவர்கள் உங்கள் மகள் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள். முன்பின் தெரியாதவன் முகநூலில் திட்டினால் தாங்கிக்கொள்வோம், தெரிந்த முகம் திரும்பிக்கொண்டால் தாங்கமாட்டோம். நம்மில் கை சுத்தமான, விஷயம் தெரிந்த ஆட்கள் ஒதுங்குவதற்கு நான் கண்ட பெரிய காரணம் இதுதான். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் பொறுப்புக்கு யார் என்று கேட்டதும் எல்லார் தலையும் கைப்பேசிக்குள் போய்விடுகிறதே, அதுவும் இதனால்தான்.

வேறு காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். சட்டமன்றத் தொகுதிக்கு வைப்புத்தொகை 5,000 வெள்ளி. எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் அது போச்சு. அதைவிட, தொழிலில் வாடிக்கையாளர்கள் நழுவிப் போவது பெரிய நட்டம். அதையெல்லாம் கணக்குப் போட உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். மலாயாக் கூட்டரசிலேயே முதல் நகராண்மைத் தேர்தல் 1951-இல் நம் ஜார்ஜ் டவுனில்தான் நடந்தது. வடிகால், தெருவிளக்கு, அங்காடிக் கடை என்று சின்னச் சின்ன விஷயங்களில் ஏச்சுப் பேச்சு வாங்கி ஒருவர் பழகிக்கொள்ள அது நல்ல இடம். இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த நேரத்தில், 1965-இல், அந்தத் தேர்தல்களை நிறுத்தினார்கள். 1976-இல் சட்டம் போட்டே மூடிவிட்டார்கள். பினாங்கு அரசு திரும்பக் கொண்டுவரப் பார்த்தது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. இன்றைக்கும் மாநகர் மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறவர்கள்தான். கீழ்ப்படி இல்லாத ஏணி தம்பி. அதனால் நம்மவர்களுக்குக் கோயிலும் பள்ளிக்கூடச் சங்கமும்தான் அந்தப் படி. அதில்தான் நீங்கள் காலை எடுத்துக்கொண்டீர்கள்.

பேராக்கின் சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியில் டாக்டர் ஜெயக்குமார் 1999-இல் தோற்றார், 2004-இலும் தோற்றார். அந்த ஊரில் அப்போது தோற்பது என்றால் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த சாமிவேலுவிடம் தோற்பது. எத்தனை தெரிந்த முகங்கள் திரும்பியிருக்கும்! மூன்றாம் முறையும் அங்கேயே நின்று 2008-இல் ஜெயித்தார். அப்புறம் 2018-இல் தோற்றார், அது வேறு கதை. அவரும் உங்களைப் போலத் தொழில் தெரிந்தவர்தான், நெஞ்சக நோய் மருத்துவர்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தேர்தலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் கோயில் பதிவு பெற்ற சங்கம் என்றால், 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கு சங்கப் பதிவதிகாரிக்குப் போகவேண்டும். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். முந்தின இரவே மனைவியை உட்காரவைத்து, அந்த விலகல் கடிதத்தைக் காட்டுங்கள். அவரை ஏன் அதில் இழுத்தீர்கள் என்று சொல்லுங்கள். மறுநாள் கூட்டத்தில் எழுந்து, "நான் அன்று எழுதிக் கொடுத்த காரணம் பொய்" என்று முதலில் சொல்லுங்கள். யாரையும் திருடன் என்று சொல்ல வேண்டாம். பன்னிரண்டு போனது, ஒன்பது வந்தது, மூன்று எங்கே என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.

அந்தக் கூடத்தில் ஐம்பது பேருக்கு முன்னால் இதைக் கேட்க முடியவில்லை என்றால் சட்டமன்றத்தில் எதையும் கேட்கப் போவதில்லை. கட்சிக்காரர்களிடம் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று உள்ளதைச் சொல்லி அனுப்பிவிடுங்கள். கேட்டுவிட்டீர்கள் என்றால், வீட்டுக்கு வந்து தேர்தலைப் பற்றி மனைவியிடம் பேசுங்கள். அவருக்குச் சம்மதமா இல்லையா என்பதை நீங்கள் எழுத வேண்டாம். அடுத்த கடிதத்தை அவர் எழுதட்டும்.