தண்டையார்பேட்டை அக்காவுக்கு: கிருமி காவலைத் தாண்டியது எப்படி?

அக்கா, பையனுக்கு நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வந்த மூளைக்காய்ச்சல், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏறுகிறது, "மூளைக்குத் தனிக் காவல் இருக்கிறதாமே, உடம்பு ஏன் எதிர்க்கவில்லை?" என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஒன்று, உங்கள் கவனிப்பில் குறை இல்லை.

இந்தக் கிருமி பல பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருப்பதுதான். அதன் மேல் வழவழவென்று ஒரு சர்க்கரைப் போர்வை. விழுங்க வரும் வெள்ளையணுக்களுக்குப் பிடி கிடைக்காது, காசிமேட்டில் விலாங்கு கையைவிட்டு நழுவுகிற மாதிரி.

மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வான மூளையுறைக்கு வந்ததும் இன்னொரு வேலை செய்கிறது. 2023இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எலிகளில் கண்டது இது: கிருமி விடும் நச்சு அங்குள்ள வலி நரம்புகளைத் தூண்டுகிறது. பையன் தலையைப் பிடித்துக்கொண்டு துடித்தான் என்றீர்களே, அப்படி வலியைக் கடத்தும் நரம்புகள்தான். அவை சிஜிஆர்பி என்ற பொருளைச் சுரக்கின்றன. அது காவல் நிற்கும் மேக்ரோஃபேஜ் செல்களை அடக்கிவிடுகிறது. அவை கூப்பிடாததால் வெள்ளையணுப் படை போதுமான அளவு வந்து சேர்வதில்லை. வலியையே கிருமி தன் கேடயமாக்கிக்கொள்கிறது! படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

காய்ச்சல் விட்டாலும் ஊசி நாட்களைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அப்புறம், வீட்டுக்கு அனுப்பும் முன் காது கேட்கும் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இந்த நோய் காதைப் பாதிக்கக்கூடும்.