மிச்ச டேப்பு

அன்புள்ள அண்ணா,

வணக்கம். அம்மாபேட்டையில் அப்பாவின் விசைத்தறிப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறேன். தறிச் சத்தத்துக்கு நடுவே நாள் முழுக்க ஒரு காதில் பாட்டு ஓடும். சினிமாப் பாட்டு சலித்துவிட்டது. புதிதாக வந்திருக்கும் தமிழ் இண்டி (சினிமா சாராத, சுயாதீன) ஆல்பங்களில் ஒரு பத்து சொல்ல முடியுமா? நான் 20 நொடி கேட்டுப் பார்ப்பேன், பிடிக்காவிட்டால் தள்ளிவிடுவேன். ஆல்பத்துக்கு ஒரு பாட்டு தேறினால் என் பட்டியலில் சேர்த்துக்கொள்வேன். இரண்டு சந்தேகங்கள்: பெரிய கம்பெனி வெளியிட்டால் அதை இண்டி என்று சொல்லலாமா? இந்தப் பாட்டுகளில் ஏன் இவ்வளவு கோபம்?

ம., சேலம்

அன்புள்ள ம.,

தறிக்கு நடுவே பாட்டு என்ற வரியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அம்மாபேட்டைத் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே தாளம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு அதன்மேல் ஏறி உட்கார வேண்டியதுதான். உங்கள்மேல் பிரியம் வந்தது. அதற்குள் அந்த 20 நொடி வந்து கெடுத்தது.

ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியில் 30 நொடி ஓடினால்தான் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கு. 2024 முதல், 12 மாதத்தில் 1000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே பைசா கிடையாது. கடன் வாங்கி, சொந்த அறையில் போர்வை கட்டி ஒலிப்பதிவு செய்த பையனை நீங்கள் 20 நொடியில் தள்ளிவிடுகிறீர்கள். கணக்குப்படி அவன் உங்களுக்குப் பாடவே இல்லை. உங்கள் பட்டறைக்கு ஒரு வியாபாரி வந்து, மடிப்புகூடப் பிரிக்காமல் சேலையைத் தூக்கிப் போட்டால் அப்பா என்ன சொல்லுவார்? அதை இங்கே அச்சிட முடியாது அல்லவா?

எது இண்டி, எது இல்லை என்பதை வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். ஏன் கோபம் என்றால், கோபப்பட விஷயம் இருக்கிறது. 2018-ல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சாதி எதிர்ப்பு இசைக்குழு மேடையேறியது. அதற்குப் பிறகும் இந்தக் கேள்வி என்றால் உங்களுக்கு நான் பதில் சொல்லி மாளாது.

எனக்கு ஆறாதது அந்த ‘ஆல்பத்துக்கு ஒரு பாட்டு’. நெசவுக் குடும்பத்துப் பிள்ளை இப்படிச் சொல்லலாமா? பாவு (நீள இழை) ஓட்டும்போது இழை வரிசை மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முந்தானை நன்றாக இருக்கிறது, அதை மட்டும் வெட்டிக் கொடுங்கள் என்று எந்தப் பெண்ணாவது கேட்டிருக்கிறாளா? சேலையின் உடல் வெறுமையாக இருப்பதால்தான் முந்தானை எடுப்பாகத் தெரிகிறது. ஆல்பத்திலும் சும்மா நடக்கிற ஒரு பாட்டு இருக்கும். அடுத்த பாட்டு உங்களைத் தூக்கிப் போடுவதற்காகவே அதை அங்கே வைத்திருப்பார்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, நடுவில் எத்தனை நொடி மௌனம் என்று மாதக்கணக்கில் சண்டை போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். நாம் ஒரு விரலால் கலைத்துப் போடுகிறோம். 2021 நவம்பரில் இங்கிலாந்துப் பாடகி அடேல் கேட்டுக்கொண்ட பிறகுதான் ஸ்பாட்டிஃபை, ஆல்பத்தைத் தொட்டதும் பாட்டு வரிசையைத் தானாகக் கலைத்துப் போடுகிற அந்தப் பொத்தானை மாற்றியது. அடேல் கேட்டால் நடக்கிறது. நம்மூர்ப் பையன் யாரிடம் போய்க் கேட்பான்?

கேசட் காலத்தில் நான்கு ரோடு பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. நோட்டுத் தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் 60 நிமிட டேப்பில் பதிந்து தருவார், பக்கத்துக்கு 30 நிமிடம். முதல்முறை நான் 14 பாட்டு எழுதிக்கொண்டு போனேன். இரண்டை அடித்துவிட்டு, மிச்சத்தின் வரிசையையும் மாற்றினார். காசு என்னுடையது, நான் சொன்ன வரிசையில் பதியுங்கள் என்றேன். “காசு உன்னுது கண்ணு, டேப்பு முடியற எடத்துல பாட்டு அறுந்தா கெட்ட பேரு என்னுது” என்றார்.

எவ்வளவு கணக்குப் போட்டாலும் பக்கத்தின் கடைசியில் மூன்று நான்கு நிமிடம் மிஞ்சும். அதை அவர் வெறுமையாக விட மாட்டார். அவருக்குத் தோன்றியதை அதில் பதிந்து தருவார். அதற்குக் காசில்லை, அட்டையில் பெயரும் எழுத மாட்டார். எனக்கு என் பாட்டுகள் முடிந்ததும் பட்டனை அமுக்கி, டேப்பைத் திருப்பிப் போட்டுவிடுகிற பழக்கம்.

இரண்டு மாதம் கழித்துக் கேட்டார், “கடைசியில ஒண்ணு போட்டிருந்தேனே, எப்படி இருந்துச்சு?” நான் சிரித்து மழுப்பினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஓடவிட்டேன். ஏதோ கோயில் கூத்தில் அவரே போய்ப் பதிந்த முகவீணை, நாதஸ்வரம் போன்ற சின்ன ஊதுகருவி. இடையில் ஒரு குழந்தை அழுகிறது, யாரோ அதட்டுகிறார்கள், முகவீணை அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அதற்குப் பின் எத்தனையோ கச்சேரி கேட்டுவிட்டேன், அந்த இழுப்பு இன்னும் காதிலேயே நிற்கிறது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் போகவில்லை. அடுத்த கேசட்டைப் பதிந்து வாங்கி வந்து கடைசிவரை ஓடவிட்டேன். பாட்டுகள் முடிந்த பிறகு வெறும் இரைச்சல்தான் இருந்தது.

பத்து கேட்டீர்கள். ஒன்று சொல்கிறேன். ராப் பாடகர் அறிவின் ‘வள்ளியம்மா பேராண்டி’ முதல் தொகுதி, 2024-ல் வந்தது. புத்தம் புதிது இல்லையே என்பீர்கள். நீங்கள் முழுதாகக் கேட்டிருக்க மாட்டீர்கள், ஆகவே புதிது. வள்ளியம்மாள் அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்தவர். 2021-ல் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’க்குள் இருப்பதும் அந்தக் கிழவிதான். அதைத்தான் நம் கல்யாண மண்டபங்களில் போட்டுக் குதித்தோம்.

பட்டறையில் வேண்டாம். ஒருநாள் தறியை நிறுத்திவிட்டு ஏற்காடு பஸ் ஏறுங்கள். முதல்நாளே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அஸ்தம்பட்டி தாண்டி, அடிவாரத்தில் ஆரம்பியுங்கள், இரண்டு காதிலும். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, தள்ளிவிடும் விரலைக் கம்பியைப் பிடிக்கக் கொடுத்துவிடுங்கள். மேலே சில்வர் ஓக் மரங்களும் மிளகுக்கொடியும் வரும்போது காபித் தோட்டத்தில் முதுகு வளைந்து நிற்கும் பெண்களையும் கொஞ்சம் பாருங்கள்.

இறங்கி வந்து, கடைசிப் பாட்டைப் பற்றி எழுதுங்கள். அடுத்த பெயரைச் சொல்கிறேன்.